பின்னுக்கு நின்று தட்ட ஆள் வேண்டும்

என் செல்ல நேசம் அன்ரி,

அங்கிள் தன்னந்தனிய ஆர்வியை ஓடிக்கொண்டு அஜக்ஸிலிருந்து சட்பரி வரை போய்ச் சேர்ந்துவிட்டார், அதுவும் மகள் வீட்டு வாசலில் ரிவர்சில் விட்டுவிட்டார், ஒரேயொரு பூச்சாடிதான் உடைந்தது அன்ரி, ஒரேயொரு பூச்சாடி!!!

சரி. மூச்சு விட்டுக்கொண்டு முறையாகச் சொல்கிறேன். ஒரு வீடியோவில் அங்கிளை ஏசினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "கதை சொல்லேக்க முதல் எங்க வெளிக்கிட்டதெண்டு சொல்லுங்கோப்பா. நீங்கள் எப்பவும் போய்ச் சேந்த இடத்திலதான் தொடங்குறியள்." நானும் அதே பிழையைத்தான் விட்டிருக்கிறேன்.

இது உங்களுக்கு எழுதும் கடிதம். ஆனால் நம்முடைய ரசிகர் பக்கத்தில் போடப் போகிறேன். அங்கே உங்களை ஒருநாளும் பார்க்காத புது ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

நீங்கள் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓடினீர்கள், வீடு பக்கத்து அஜக்ஸில். பாலன் அங்கிள் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மேசைக் கால்களுக்கு வார்னிஷ் பூசினார். இருவரும் ஓய்வு பெற்ற வருடம், கூட வேலை செய்தவர்கள் எல்லாம் கொண்டோ பார்த்துத் திரிய, நீங்கள் ஒரு பழைய ஆர்வியை வாங்கினீர்கள். அடுப்பு, கட்டில், தண்ணீர்த்தாங்கி, குளியலறை எல்லாம் ஒரே வண்டிக்குள். கிறீம் நிறம், பக்கத்தில் நீலக் கோடு. ஊர் சுற்ற இல்லை. நயாகரா பக்கம்கூட நீங்கள் அதில் போகவில்லை. மொன்றியல், வினிபெக், சட்பரி என்று சொந்தக்காரர் இருக்கும் இடங்களுக்கு மட்டும்தான் அது போனது.

ஏன் என்று நீங்கள் போட்ட முதல் வீடியோவிலேயே சொன்னீர்கள். "நாங்கள் போனா அதுகள் ரெண்டு நாள் லீவு போடுதுகள். பிள்ளையள் தங்கட கட்டிலை விட்டிட்டு சோபாவில படுக்குதுகள். மூண்டாம் நாள் எல்லாரும் கலண்டரைப் பாக்குதுகள். ஏன் உந்த வில்லங்கம்? வாசல்ல ஒரு இடம், ஒரு பிளக். அது காணும் எங்களுக்கு."

அதோடு நின்றீர்களா? இல்லை. அவர்கள் வாசலிலேயே நின்று சமைத்து, அவர்களையே கூப்பிட்டு உங்கள் வண்டிக்குள் சாப்பிட வைத்தீர்கள். விருந்தாளி விருந்து போடும் வீட்டை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டிகளை ஸ்கான் பண்ணுவது என் வேலை. இடைவேளையில் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து பார்த்த முதல் வீடியோ அதுதான். நண்டுக்கறி. வினிபெக்கில் உங்கள் மச்சாள் குடும்பம் ஆறு பேர், நான்கு பேர் இருக்கும் மேசையில். அதன்பிறகு ஒரு வீடியோவும் விடவில்லை. நான் தமிழில் எழுதப் பழகியதே உங்கள் வீடியோக்களுக்குக் கீழே கமென்ட் போட்டுத்தான்.

உங்கள் வீடியோச் சனலின் பெயர் 'பின்னுக்குப் பாருங்கோ'. காரணம் எல்லோருக்கும் தெரியும். வண்டி ஓடுவது நீங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது அங்கிள் இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும். அவர் கையைக் காட்டினால் கோழி கலைப்பது போல இருக்கும், ஒன்றும் விளங்காது. அதனால் தட்டச் சொன்னீர்கள். வண்டியின் பின்பக்கத்தில் கையால் டக் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தால், இன்னும் வரலாம். தட்டு நின்றால் மெதுவாக. ஓங்கி ஒரே ஒரு அடி விழுந்தால், நில்.

மொன்றியலில் அந்த ஓங்கிய அடி விழவே இல்லை. வேலி போய்விட்டது.

"ஏனப்பா அடிக்கேல்ல?"

"அணில் ஒண்டு நிண்டது. பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

"அணிலோ இப்ப வேலி கட்டித் தரப்போகுது?"

"இஞ்சாரும், அது கறுத்த அணில், நேசம்."

அந்த ஒரு நிமிடத்தை வெட்டி நான் தனியாகப் போட்டேன். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் இந்தப் பக்கத்துக்கே வந்தார்கள். இன்றைக்கும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதில்லை நாங்கள். "டக் டக்" என்றுதான் எழுதுகிறோம்.

பின்னுக்கு ஒரு கமரா பூட்டுங்கோ என்று எத்தனை பேர் எழுதினார்கள். நீங்கள் கேட்கவில்லை. "இவ்வளவு காலம் பிள்ளையளை ஏத்தி இறக்கினனான். பின்னுக்கு ஒரு மனிசர் நிக்கிறாரெண்டாத்தான் எனக்குக் கால் பிரேக்கில இருந்து எடுபடும்." அவ்வளவுதான். விவாதம் முடிந்தது.

நான் உங்களை நேரில் கண்டது ஒரே ஒரு முறை. ஸ்காபரோவில் ஒரு பிளாசா பார்க்கிங்கில். வண்டியைக் கண்டதும் ஓடி வந்தேன், மூச்சு வாங்கியது. நீங்கள் கண்ணாடியை இறக்கினீர்கள்.

"யாற்றை பிள்ளை நீ?"

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தற்றையும் இல்லை அன்ரி. நான் வீடியோ பாக்கிறனான். பிறம்ரன்."

"பிறம்ரனில இருந்து எங்களைப் பாக்க வந்தனியோ, கொத்துறொட்டிக்கு வந்தனியோ?"

"கொத்துறொட்டிக்கு."

"உண்மை கதைக்கிற பிள்ளை. இவர் பாண் வாங்கப் போட்டார், இன்னும் காணேல்ல. ஒருக்கா பின்னுக்கு நிண்டு தட்டுறியே?"

தட்டினேன். நிற்க வேண்டிய இடத்தில் ஓங்கி ஒரு அடி கொடுத்தேன். வண்டி நின்றது. நீங்கள் தலையை வெளியே நீட்டிச் சிரித்தீர்கள். "அந்த மனிசனை விட நல்லாத் தட்டுறாய். இனி நீ என்ர பெறாமகள், சரியே?" சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்கு அது ஒரு பேச்சு. நான் அதைக் கேட்டுக்கொண்டு பிறம்ரன் வரை போனேன்.

இனி உங்களுக்குத் தெரியாத பகுதி.

ஒரு வியாழக்கிழமை காலை நீங்கள் எங்களை விட்டுப் போனீர்கள். சட்பரியில் இருந்த உங்கள் ஒரே மகள் தர்ஷிக்கு ஞாயிற்றுக்கிழமையே வலி வந்துவிட்டது. நாள் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. பெண் பிள்ளை. சின்னஞ்சிறு பிள்ளை, ஆனால் சுகம். செவ்வாய்க்கிழமை உங்களை எரித்தார்கள். தர்ஷி அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, போனில் பார்த்தாள்.

நான் வரவில்லை அன்ரி. வேலை இருந்தது. லீவு எடுக்கலாம், சாவுக்கு லீவு உண்டு. ஆனால் அந்தப் படிவத்தில் 'இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் என்ன எழுதுவது? யோசித்துக்கொண்டே இருந்தேன். இடைவேளை முடிந்துவிட்டது.

பிறகு சனலில் ஒன்றும் வரவில்லை. கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்குப் பின் ஒரு படம் வந்தது. வண்டிச் சாவி. கீழே அங்கிள் எழுதியிருந்தார்: "வண்டி விற்பனைக்கு. ஓட ஆள் இல்லை."

அங்கிளிடம் லைசன்ஸ் இருக்கிறது, கார் ஓடுவார். ஆனால் ஆர்வியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. நீங்களும் விட்டதில்லை. அது உங்கள் பிழையா அன்ரி? சும்மா கேட்கிறேன்.

அடுத்த நாள் ஒரு சின்ன வீடியோ போட்டார். குசினி மேசை. மேசையில் ஒரு போத்தல். நீங்கள் கடைசியாகச் செய்த வீடியோவில் வறுத்து இடித்தீர்களே, பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போடும் சரக்குத் தூள், அதுதான். உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "தர்ஷிக்கு. ஒரு கரண்டி காணும்." பக்கத்தில் அங்கிளின் பழைய வேட்டிகளைக் கிழித்து நீங்கள் தைத்து வைத்த பிள்ளைத் துணிகள். ஒரு மாதம் சட்பரி வாசலில் நிற்பதற்கு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வைத்திருந்தீர்களாம். அவர் இறக்கி மேசையில் வைத்திருக்கிறார்.

அங்கிள் கமராவைப் பார்க்காமல் சொன்னார். "கோபி தம்பியோட கதைச்சனான். மருமோன் நல்ல பிள்ளை. 'மாமா, அம்மா சொல்றா முப்பத்தொண்டு நாள் கழியட்டுமாம்' எண்டார். நான் செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு. அங்க பிள்ளை பிறந்த துடக்கு. செத்தவீட்டாள் பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுப் படி ஏறக்கூடாதாம். சம்மந்தியம்மாவில பிழை சொல்லேலாது. பிள்ளை மெல்லிசு. அவ பயப்பிடுறா."

கொஞ்ச நேரம் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தொண்டு கழிஞ்சா சரக்குச் சாப்பிடுற காலமும் கழிஞ்சிடும். தபாலில அனுப்பு எண்டினம். உது தபாலில போற சாமானே? தாய் செத்ததுக்குப் பிறகு தர்ஷிப் பிள்ளையின்ர முகத்தை நான் இன்னும் பாக்கேல்ல. அதுவும் என்ர முகத்தைப் பாக்கேல்ல."

அதுதான் விஷயம் அன்ரி. மிச்சம் எல்லாம் சாக்கு.

கோபியின் அம்மாவை நாங்கள் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. மகன் வீட்டில்தான் இருக்கிறா. இரண்டு வருடத்துக்கு முதல் நீங்கள் முதன்முறை சட்பரிக்குப் போனபோது, தன்னைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டா. வண்டிக் கதவடியில் ஒரு சோடி பச்சைச் செருப்பும் ஒரு குரலும் மட்டும்தான் பதிவாகின.

"எங்கட வாசல்ல நிண்டு சமைச்சு எங்களுக்கே சாப்பாடோ? ஊர் பாத்தா என்ன சொல்லும்?"

"சட்பரியில ஊர் எங்க இருக்கு சம்மந்தியம்மா? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனும் அவன்ர நாயும்தான் பாக்குது."

"நாய்க்கும் வெக்கம் இருக்கும்."

எல்லோரும் ஏறினார்கள். பச்சைச் செருப்பு ஏறவில்லை. நீங்கள் கோப்பையில் போட்டு வெளியே நீட்டினீர்கள். கோப்பையை ஒரு கை வாங்கியது. அவ்வளவுதான்.

இப்போது நான் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கிளின் வீடியோவுக்குக் கீழே ஒரு கமென்ட் இருந்தது: "அங்கிள், நீங்கள் அவையின்ர வீட்டுப் படி ஏறத்தான் கூடாது. உங்கட வீட்டில நீங்கள் இருக்கலாம்தானே? ஆர்வி உங்கட வீடு. வீட்டோட போய் வாசல்ல நில்லுங்கோ." அதற்கு நிறைய இதயம் விழுந்தது. எழுதியது நான். இரண்டு நிமிடத்தில் எழுதினேன், கையில் பாதி சாப்பிட்ட பணிஸ். எழுதிவிட்டுப் பெட்டிகளை ஸ்கான் பண்ணப் போய்விட்டேன்.

பின்னேரம் பார்த்தால் அங்கிள் பதில் போட்டிருந்தார். "அட."

ஒரு சொல். அதைப் பார்த்தபின்தான் எனக்குப் பயம் வந்தது. மனைவி செத்து மூன்று கிழமை ஆகாத ஒரு மனிதருக்கு, ஓடத் தெரியாத வண்டியை நானூறு கிலோமீற்றர் ஓடச் சொல்ல நான் யார்? வழியில் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? இதயம் போட்டவர்களா? கமென்டை அழிக்கப் போனேன். அழித்தால் மட்டும் அவர் தலையிலிருந்து போய்விடுமா?

இரவுகளில் ரயில் நிலையப் பார்க்கிங் வெறுமையாக இருக்கும். அங்கே போய்ப் பழகினார். இரண்டு வாளியை வைத்து நடுவில் ரிவர்சில் விடுவது. போனை முன்கண்ணாடியில் ஒட்டி எல்லாவற்றையும் பதிவு செய்தார். முதல் நாள் இரண்டு வாளியும் நசுங்கின. கமரா ஒன்று வாங்கிப் பூட்டினார், மன்னிக்கவும். அதுவும் சரிவரவில்லை. "கமராவில எல்லாம் கிட்டத் தெரியுது. கண்ணாடியில எல்லாம் தூரத் தெரியுது. எதை நம்புறது நேசம்?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் சொல்லக்கூடும் என்பதுபோல எஞ்சினை நிறுத்தினார்.

நேராக ஓடப் பழகிவிட்டார். ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. ஆகவே அங்கிள் ஒரு திட்டம் போட்டார். ரிவர்சே எடுக்காமல் சட்பரி வரை போவது. ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வரக்கூடிய பெற்றோல் நிலையங்களாகப் பார்த்துத் தாளில் எழுதினார். தேத்தண்ணிக்கு எங்கே, கால் நீட்ட எங்கே, எல்லாம் நேர்ப்பாதை. ஒரே ஒரு இடம்தான் தப்ப முடியாதது. மகள் வீட்டு வாசல். சரிவு, ஒடுக்கம். முன்பக்கமாக நுழைந்தால் வண்டிக் கதவு வேலியைப் பார்க்கும். ரிவர்சில் விட்டால்தான் வீட்டு வாசலைப் பார்க்கும். நீங்கள் எப்போதும் அப்படித்தான் விடுவீர்கள், மூன்று அடி வைத்தால் கதவுக்குக் கதவு.

"கதவு வேலியைப் பாத்துக்கொண்டு நிண்டா நான் ஏன் அவ்வளவு தூரம் போறன்?" என்றார். பயணத்துக்கு முதல் போட்ட கடைசி வீடியோ அது.

போன சனிக்கிழமை காலை வெளிக்கிட்டார். பதிவின் தொடக்கத்தில், அன்ரி, அங்கிள் வந்து கதவைத் திறந்து ஏறி உட்காருகிறார். பட்டியைப் போடுகிறார். கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்க்கிறார். பத்து விநாடி. பிறகுதான் தெரிகிறது, அவர் இருப்பது பயணி இருக்கை. பட்டியைக் கழற்றி இறங்கி மற்றப் பக்கம் வந்து ஏறினார். போகும்போது சரக்குத் தூள் போத்தலைத் தன் பழைய இருக்கையில் வைத்து, அதற்குப் பட்டியைப் போட்டுவிட்டார். நான் இதை ஏழு தடவை பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை, ஒரு மனிதர் இருக்கை மாறுகிறார்.

நானூற்று ஒன்று நெடுஞ்சாலையில் மெதுவாகப் போனார். லொறிகள் ஹோர்ன் அடித்தன. "அடியுங்கோ, அடியுங்கோ. எனக்கு அவசரமில்லை, உங்களுக்குத்தானே" என்றார். பாரி நகரம் தாண்டியதும் கொஞ்சம் தைரியம் வந்து பாட்டு முணுமுணுத்தார். பரி சவுண்ட் பக்கம் கற்பாறைகள் வரத் தொடங்கின, மரங்கள் சிவந்து நின்றன. "இஞ்சாரும், கிறுக்கன் மாதிரித் தனியக் கதைக்கிறன், கமென்டில சிரிப்பாங்கள்" என்றார் போத்தலிடம். ஒருவரும் சிரிக்கவில்லை அங்கிள்.

பிற்பகல் வீட்டடிக்குப் போய்ச் சேர்ந்தார். கோபி வேலையில். அங்கிள் தர்ஷிக்குப் போன் எடுத்தார். குரல் மட்டும் கேட்டது.

"அப்பா? எங்க நிக்கிறியள்?"

"உங்கட றோட்டிலதான். நீ வெளிய வராத. பிள்ளைக்குக் குளிர். ஜன்னலடியில நில், காணும்."

"உங்களுக்கு ஆர் பின்னுக்குப் பாக்கிறது?"

"அதெல்லாம் நான் பாப்பன். நீ நில்லன்."

முதல்முறை கோணலாகப் போய் மீண்டும் வீதிக்கு வந்தார். இரண்டாம் முறை இறங்கி நடந்து பார்த்து, காலால் அளந்து, ஏறி, திரும்பவும் கோணல். பின்னால் ஒரு கார் வந்து நின்றது, அதற்கு வழி விட்டார். மூன்றாம் முறை ரிவர்ஸ் போட்டார். வண்டி அசையவில்லை. அவரது கால் பிரேக்கில் இருந்து எழவில்லை. கை ஸ்ரியரிங்கில். வியர்வை. அந்த இடத்தில் நான் வீடியோவை நிறுத்திவிட்டேன், சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பப் போட்டேன்.

டக்.

டக் டக்.

டக் டக் டக் டக்.

அங்கிள் முதலில் பயணி இருக்கையைப் பார்த்தார். பிறகு பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பதிவில் அந்தக் கண்ணாடியின் கீழ்மூலை தெரிகிறது. அதில் ஒரு சோடி பச்சைச் செருப்பு.

கால் எழுந்தது. வண்டி பின்னால் போனது. தட்டு நிற்கவில்லை, ஒரே சீர். கொஞ்சம் நின்றது, வண்டியும் மெதுவானது. மீண்டும் தட்டு. பிறகு சட்டி உடையும் சத்தம், அதன் மேலேயே ஓங்கி ஒரு அடி. வண்டி நின்றது. கதவுக்கு நேரே வீட்டுக் கதவு. மூன்று அடி.

அங்கிள் கண்ணாடியை இறக்கினார். "பூச்சாடி போட்டுது போல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ சம்மந்தியம்மா."

"அது நான் அடிக்கப் பிந்தினது, அண்ணை. நீங்கள் சரியாத்தான் வந்தியள்."

"உங்களுக்கு உந்தத் தட்டு எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு வருசமா உதைத்தானே காட்டுறியள். பாக்காம இருக்கேலுமே?" பிறகு, "பிந்தினதுக்கு நான் ஒண்டும் அணில் பாக்கேல்ல."

அன்ரி!!! மொன்றியல் அணில்! எல்லாவற்றையும் பார்த்திருக்கிறா! அந்த இடத்தில் நான் கிடங்கில் கத்திவிட்டேன், மேற்பார்வையாளர் வந்து என்ன விழுந்தது என்று கேட்டார்.

அங்கிள் சொன்னார், "நான் இறங்கி வரமாட்டன். முறை தெரியும். வண்டிக்குள்ளதான் இருப்பன். உந்தச் சாமானை மட்டும் பிள்ளையிட்டக் குடுத்திடுங்கோ."

"நீங்கள் இறங்க வேண்டாம். நான் ஏறுறன்."

"உங்களுக்கும் துடக்கெல்லோ?"

"வண்டியில கை வைச்சாச்சு. இனி எப்பிடியும் தலை தோஞ்சிட்டுத்தான் உள்ளுக்குப் போகவேணும். ஏறினா என்ன, ஏறாட்டி என்ன?"

ஏறினா. இரண்டு வருடமாகப் படியில் நின்ற பச்சைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினா. முகம் இன்னும் தெரியவில்லை, தோள் வரைதான் பதிவாகியது. போத்தலின் பட்டியைக் கழற்றி எடுத்து மூடியைத் திறந்து மணந்து பார்த்தா. "மிளகு கூட" என்றா. பிறகு, "அவவின்ர கை அப்பிடித்தான்." பிறகு, "மீன் இருக்கு. குளிச்சிட்டு நான் காய்ச்சிறன். உங்களுக்கும் இஞ்ச கொண்டந்து தருவன். வாசல்ல நிண்டு சாப்பாடு வாங்கினது நானெல்லோ."

அதன்பிறகு வீட்டுக் கதவு திறக்கும் சத்தம். சம்மந்தியம்மா உள்ளே பார்த்துச் சொன்னது கேட்டது: "வாசலுக்கு வா பிள்ளை. படியைத் தாண்டாத, அவரும் தாண்டமாட்டார். போர்வையை வடிவாச் சுத்து."

அங்கிள் வண்டிக் கதவடியில் போய் நின்றார். அவருடைய முதுகு தெரிந்தது. தர்ஷியின் குரல், "அப்பா" என்று. பிறகு அங்கிள் திரும்பி வந்தார், போனைப் பார்த்தார், "இதை நான் காட்டமாட்டன் பிள்ளையள்" என்றார். இருட்டு. வீடியோ முடிந்தது.

நல்லது அங்கிள். காட்ட வேண்டாம்.

அடுத்த நாள் ஒரு படம் மட்டும் வந்தது. ஆர்வி மேசையில் ஒரு கோப்பை சரக்குக் கறி, பக்கத்தில் சோறு. முப்பத்தொன்று கழியும் வரை அங்கேதான் நிற்பாராம், கதவுக்குக் கதவு. 'வண்டி விற்பனைக்கு' என்ற பதிவைக் காணவில்லை. அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "திரும்பி வாறன். பிறகு மொன்றியல், வினிபெக் எல்லா இடமும் ஒருக்காப் போகவேணும், எல்லாரும் நேசத்தைக் கேப்பினம். நேர ஓடுவன். பின்னுக்கு நிண்டு தட்ட ஆள் வேணும்."

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய தேவை ஏதும் உண்டா அன்ரி? யார் தட்டுகிறார்கள்?

இனி இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. அங்கிள் முப்பத்தொன்று முடிந்து வரும் சனிக்கிழமை சட்பரியிலிருந்து வெளிக்கிடுகிறார். பரி சவுண்ட், பாரி, வோன், ஸ்காபரோ, அஜக்ஸ், இந்த வழியில் இருக்கிறவர்கள், வாசலில் ஒரு இடமும் ஒரு பிளக்கும் உள்ளவர்கள், கீழே ஊரை மட்டும் எழுதி "நான் தட்டுவேன்" என்று போடுங்கள். விலாசம் வேண்டாம், அங்கிள் தானே கேட்பார். கிறீம் நிறம், நீலக் கோடு. கண்ணாடியில் தெரியும் இடத்தில் நில்லுங்கள். தொடர்ந்து தட்டினால் வரலாம், ஓங்கி ஒரு அடி என்றால் நில். அணில் வந்தால் பார்க்க வேண்டாம். மொன்றியல், வினிபெக் ஆட்களுக்கும் இதை அனுப்புங்கள்.

அன்ரி, அஜக்ஸ் வீட்டு வாசலில், கடைசி ரிவர்சுக்கு, பின்னால் நிற்கப் போவது நான். அன்றைக்கு லீவு கேட்டுவிட்டேன். அதே படிவம்தான், அதே பெட்டி. இந்த முறை யோசிக்கவில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

உங்கட பெறாமகள்,
பிறம்ரனில் இருந்து மதுஷா

டக் டக்.